ஷாமினியை இரண்டு முறை அழைத்தார்கள்

கிள்ளான்,
திங்கட்கிழமை, பசியாறிய பிறகு.

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த என் துணைவி குமுதாவுக்கு,

மஸ்கட்டில் ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்திருக்கும் உனக்கு, கிள்ளானில் தனலெட்சுமி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து உன் கணவன் நாகையா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். ஒருவர் மட்டும் என்னோடு பேசுவதில்லை; அவரும் சுகமாகத்தான் இருக்கிறார். உன் சுகத்தையும், அறுவை செய்த உன் முழங்காலின் சுகத்தையும் நான் தனித்தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. நம் மாடி வீட்டுப் பிரவின் லீவு முடிந்து இன்று மத்தியானம் மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அக்கா அதற்குள் உனக்குப் போன் போட்டு ஏதாவது சொல்லியிருந்தால் அதை ஒரு ஓரமாக வை. நடந்தது நடந்தபடி இதில் இருக்கிறது.

நான் புறப்படும்போது வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “எனக்குப் பொடவ வேணாம், பலகாரம் வேணாம். நம்ம பிள்ள மேடை ஏறி பட்டம் வாங்குறத முகம் தெரியுற மாதிரி வீடியோ எடுத்துட்டு வாங்க. பதினஞ்சு செகண்டு. அத மட்டுமாச்சும் ஒழுங்கா செய்ங்க.” அந்த ‘மட்டுமாச்சும்’ என்ற சொல்லை நான் மன்னித்துவிட்டேன். பல்கலைக்கழகம் ஏற்றுகிற வீடியோவில் பட்டம் கொடுப்பவரின் முகமும் வாங்குகிற பிள்ளைகளின் தொப்பியும்தான் தெரியும் என்பதைப் போன வருஷம் உன் தோழி மகளின் வீடியோவிலேயே பார்த்துவிட்டோம். நாலு வருஷத்துக்கு முன் ஷாமினியைப் படிக்க அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பியபோது விமானத்தில் நீ அழுத அழுகையை நான் மறக்கவில்லை. முழங்கால் மட்டும் இடம் கொடுத்திருந்தால் நீயே வந்திருப்பாய். ஆகவே இந்தப் பதினைந்து வினாடிக்காகத்தான் நான் வந்ததே. கவலையை விடு. வீடியோ என் போனில் பத்திரமாக இருக்கிறது.

முதலில் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் திருச்செல்வம் அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். மாலை என் பொறுப்பு என்று நானே வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். கிள்ளானிலேயே நல்ல பூக்கடைகள் இருக்கின்றன என்று அக்கா சொன்னார்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் என்றால் என் சொந்த வீடு மாதிரி, கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் அங்கே அறையெடுத்துத் தங்கியவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி சொல்வேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். இறங்கிப் பார்த்தால் ஒரு வேப்பமரத்தைத் தவிர நான் அறிந்தது எதுவும் அங்கே இல்லை. ஆகவே வேப்பமரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு நடந்தேன், மூன்று முறை அதே மரத்துக்கு வந்து சேர்ந்தேன். மரத்தடியில் பூக்கட்டும் பெண்மணி, வெயிலில் வாடிய என் முகத்தைப் பார்த்து, “அண்ணே, மூணு தடவ சுத்திட்டீங்க, வந்து உக்காருங்க” என்று ஸ்டூலைத் தள்ளினார்.

“மாலை வேணும்மா. எங்க அத்தானுக்கு. நாளைக்கு,” என்றேன்.

“எத்தன மணிக்கு அண்ணே எடுக்குறாங்க?”

போட்டோக்காரரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். “ஒம்பது மணிக்கு எடுக்கணும். ரெண்டு பேரு வராங்க,” என்றேன்.

“ரெண்டு பேரு பத்துமா அண்ணே? நாலு பேரு வேணாமா?”

“நல்ல அனுபவம் உள்ளவங்கம்மா. நிக்க வச்சும் எடுப்பாங்க, உக்கார வச்சும் எடுப்பாங்க.”

அவர் கையிலிருந்த நார் கீழே விழுந்தது. “என்ன வயசு அண்ணே?”

“அறுபது.”

“சின்ன வயசுதானே!”

“பாத்தா இன்னும் சின்னவரா தெரிவாரு,” என்றேன் பெருமையாக.

“அக்கா எப்படி அண்ணே தாங்குறாங்க?”

“அவங்களுக்கு என்ன, ஒரு வருஷமா இதத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு அவங்களையும் பக்கத்துல வச்சு ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுக்கணும்.”

“கடவுளே!” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சோயாப் பால் வாங்கிக் கொடுத்தார். “தைரியமா இருங்க அண்ணே. நீங்க அலைய வேணாம், எடத்தையும் பேரையும் எழுதிக் குடுங்க, நாங்களே வேன்ல கொண்டாந்து வச்சிடுறோம்,” என்றார். மஸ்கட்டில் இருபது வருஷத்தில் எந்தக் கடைக்காரராவது என் கையைப் பிடித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாரா? நம் ஊர் நம் ஊர்தான் என்று நெஞ்சு நிறைந்து திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் மேளம் முழங்குகிறது, அத்தான் பட்டு வேட்டியில் புது மாப்பிள்ளையாக நிற்கிறார், அக்கா கூறைப்புடவையில் குனிந்த தலை நிமிராமல் நிற்கிறார், சரியாக ஒன்பது மணிக்கு வேன் வந்தது. சொன்ன நேரத்துக்கு வந்ததை நீ கவனிக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் தலையைக் குனிந்தபடி இறங்கி, ஆளுயர மலர் வளையம் இரண்டை மேடைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். ஊதா நாடாவில் ‘ஆழ்ந்த இரங்கல், மைத்துனர் நாகையா, மஸ்கட்’ என்று இருந்தது. என் பெயரில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. மேளம் நின்றுவிட்டது. வந்தவர்களில் ஒருவர் அத்தானைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு வேனுக்கு ஓடினார். அத்தான் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிரேனுக்குக் கீழே நின்று வேலை பார்த்தவர், சுலபத்தில் அசைய மாட்டார். கிட்டே போய் நிதானமாகப் படித்தார். “பூ நல்லா ஃபிரெஷ்ஷா இருக்கு லா,” என்றார். பிறகு சிரித்த சிரிப்பில் பட்டு வேட்டி அவிழப் பார்த்தது.

அக்கா சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. ‘எடுக்கிறது’ என்றால் பூக்கடையில் என்ன அர்த்தம் என்பதை விருந்தாளிகளில் ஒருவர்தான் என்னை ஓரமாக அழைத்துப் போய் விளக்கினார். நானும் யோசித்துப் பார்த்தேன், என் பக்கம் ஒரு தப்பும் இல்லை. நான் போட்டோவைச் சொன்னேன், அந்த அம்மா பிணத்தைச் சொன்னார், தமிழ் இரண்டு பேரையும் கைவிட்டுவிட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பட்டமளிப்பு. இனிமேல்தான் நல்ல சேதி. மண்டபம் ஷா ஆலத்தில். அத்தான் காரை ஓட்டினார், பக்கத்தில் நான், பின்னால் பட்டமளிப்பு அங்கியோடு நம் பிள்ளையும், ஜன்னலைப் பார்த்தபடி அக்காவும். வழியில் ஷாமினி, “அப்பா, கேளுங்க, அங்க இன்னொரு...” என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் அத்தானுக்குக் குறுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்ததால் அப்புறம் பேசலாம் என்று கையைக் காட்டினேன். ஒரே தொழிற்சாலையை இரண்டாவது முறை கடந்தபோது அவள் வேறு பேச்சுக்கு மாறிவிட்டாள். “அப்பா, ப்ளீஸ் லா, ஹால்ல கத்தாதீங்க. எல்லாரும் பார்ப்பாங்க.” நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஒரு மாணவருக்கு இரண்டு அழைப்பட்டைதான். ஒன்று எனக்கு, இன்னொன்று நாலு வருஷம் சோறு போட்ட அக்காவுக்கு. அக்கா நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். அது நல்லதாகவே முடிந்தது, எனக்குக் கை நீட்டிப் படம்பிடிக்க இடம் கிடைத்தது. பெயர் வாசிக்கும் முறை உனக்குத் தெரியுமே, அப்பா பெயரோடு சேர்த்து ‘அனாக் பெரம்புவான்’ இன்னார், இன்னாரின் மகள் என்று முழுசாகப் படிப்பார்கள். மஸ்கட் ஆபீசில் என் பெயருக்கும் என் அப்பா பெயருக்கும் நடுவில் ‘மகன்’ என்பதற்காகப் போட்டிருக்கும் ஏ/எல் என்ற இரண்டு எழுத்தை அரபுக் குடும்பப் பெயர் என்று எண்ணி என்னை ‘அல் கன்னையா’ என்று எழுந்து நின்று அழைக்கிறார்களே, அந்த மரியாதையை விடப் பெரிய மரியாதை இது. இத்தனை ஆயிரம் பேர் நடுவில் என் பெயரும் சேர்ந்து ஒலிக்கப் போகிறது.

“ஷாமினி அனாக் பெரம்புவான் நாகையா!”

கேட்டதும் எழுந்துவிட்டேன். போனைச் சரியாகப் பிடித்தேன், விரல் ஒன்றும் லென்ஸை மறைக்கவில்லை. சத்தியம் செய்தது வாஸ்தவம்தான், ஆனால் வாய் கேட்கவில்லை. “ஷாமினி! அப்பா இங்கதான் இருக்கேன்டா! என் தங்கமே!” என்று ஒரு சத்தம் போட்டேன். குமுதா, பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. மேடையிலிருந்தே நிமிர்ந்து பார்த்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். வீடியோவில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. நடை மட்டும் கொஞ்சம் புதிதாக, கம்பீரமாக இருந்தது, இரண்டு வருஷம் நேரில் பார்க்காமல் இருந்தோம் அல்லவா, படிப்பு நடையை மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் அப்புறம்தான் நடந்தது. இருபது நிமிஷம் கழித்து நம் பிள்ளையை மறுபடியும் அழைத்தார்கள்! அதே பெயர், அதே முழுப்பெயர். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவரிடம், உங்கள் மகனை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். ஒரு முறைதான் என்றார் பாவம். சிறப்புத் தேர்ச்சியாக இருக்கும். அவள் அடக்கமானவள், நம்மிடம் சொல்லவில்லை. வீடியோதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று இந்த முறை போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். அவள் படியேறுமுன் கீழுதட்டைக் கடித்தாள், நீ கையெழுத்துப் போடுமுன் கடிப்பாயே, அதே மாதிரி. தொப்பி வலப்பக்கம் சரிந்தது. அதைத் தொட்டாள், சரி செய்யவில்லை. பட்டத்தை வாங்கியதும் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கியது என்று எழுத மாட்டேன், தேம்பித் தேம்பி அழுதேன், அந்த மலாய்க்காரப் பெரியவர் டிஷ்யூ கொடுத்தார். முதல் முறை வராத அழுகை இரண்டாவது முறை ஏன் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

ஆகவே நீ ஒப்படைத்த வேலையைக் குறைவில்லாமல் முடித்துவிட்டேன். மாத்திரையை நேரத்துக்குப் போடு. மாடிப்படியில் ஏறி வீரத்தைக் காட்டாதே. அத்தானும் ஷாமினியும் உன்னை விசாரித்தார்கள். அக்காவும் பேசியிருந்தால் நிச்சயம் விசாரித்திருப்பார். இறைவன் அருளால் உன் முழங்காலுக்கும் நம் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் ஒரு குறையும் வராது. வெள்ளிக்கிழமை வருகிறேன்.

என்றும் உன் பொறுப்பான கணவன்,
நாகையா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். ஷாமினி இப்போதுதான் தூங்கி எழுந்து வந்து வீடியோவைக் காட்டச் சொன்னாள். பார்த்தாள். “அப்பா, இது யாருன்னு நெனச்சீங்க?” என்றாள். அவளுடைய பெயரிலேயே, என் பெயரையே அப்பா பெயராகக் கொண்ட இன்னொரு பிள்ளை அங்கே படித்திருக்கிறது. இவள் உணவு அறிவியல், அது தாவரவியல். காரில் அவள் சொல்ல வந்தது அதுதான். சமையலறையிலிருந்து அக்கா, “அப்பவே எனக்குத் தெரியும்,” என்றார். இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நாலு வருஷமாக ஒருவர் கடிதம் இன்னொருவருக்குப் போனதில் இருவரும் சிநேகிதம். ஷாமினி அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டாள். அதன் அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டுகிறவர். நேற்று வழியில் மாட்டிக்கொண்டு, வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்களாம். மேடையில் என் சத்தத்தைக் கேட்டு, அப்பா எப்படியோ உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்துத்தான் அது அப்படிச் சிரித்திருக்கிறது. வீடியோவை அனுப்பினோம். அந்த நாகையா எனக்குப் பதில் அனுப்பினார், “அண்ணே, நான் கத்த வேண்டியத நீங்க கத்திட்டீங்க,” என்று.

நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷாமினி எதிரே வந்து உட்கார்ந்தாள். “என் டர்ன்ல சத்தமே இல்ல. நீங்க சொன்ன பேச்ச கேட்டுட்டீங்கன்னு நெனச்சேன்,” என்றாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் கத்தினேன், உனக்கு அழுதேன், ஏன் என்று அப்போது தெரியவில்லை, இப்போது தெரிகிறது என்றேன். அவள் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குமுதா, அவளை அவ்வளவு தூரத்திலும் நான் கண்டுகொண்டேன், போன்தான் கண்டுகொள்ளவில்லை.

உனக்கு வீடியோ இல்லை. கோபப்படு, அது நியாயம். ஆனால் வெள்ளிக்கிழமை நான் வந்ததும் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார். உன் கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அந்தப் பதினைந்து வினாடியை ஒன்றுவிடாமல் நடந்து காட்டுகிறேன். பிரவின் ஹாரன் அடிக்கிறார்.