சத்தம் போடுகிறவரைக் காணோம்

பன்னிரண்டு தலை. எஃப்ரென் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். கரையில் ஏழு, தண்ணீரில் ஐந்து. கையிலிருந்த பட்டியலிலும் பன்னிரண்டுதான். ஆனாலும் எதுவோ இடித்தது.

வெள்ளை மணலில் அடுப்பு மூட்டிப் படகோட்டி தாசியோ மீன் சுட்டுக்கொண்டிருந்தார். மீன் தோல் பொரிகிற சத்தம் பத்தடி தள்ளி நின்ற எஃப்ரெனுக்குத் துல்லியமாகக் கேட்டது. அப்போதுதான் எது இடிக்கிறது என்று புரிந்தது.

"தாசியோ அண்ணே, ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டுமே. அந்த மனுஷன் வாயை மூடி ஒரு மணி நேரம் ஆச்சு. எனக்குக் காது ரெண்டும் ஓய்வெடுக்குது."

எஃப்ரென் சட்டென்று திரும்பினான். கரையில் இருந்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தண்ணீரில் கவிழ்ந்து மீன் பார்த்தபடி மிதந்த ஐந்து பேரும் பெண்கள். அந்த மனுஷன் எங்கேயும் இல்லை.

காலையில் எல் நிடோ படகுத் துறையில் ஏறியதிலிருந்தே அவர் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கட்டை மீசை, பெரிய வயிறு, தோளில் பச்சைத் துண்டு. கடைசியாக ஓடி வந்து ஏறி, டிமாயுகா அம்மாளின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். பட்டியலில் 'டிமாயுகா, இரண்டு பேர்' என்று எஃப்ரென் வாசித்ததும் அந்த அம்மாள் கையைத் தூக்கினாள். சரி, புருஷன் பெண்டாட்டி வந்தாயிற்று என்று பேனாவால் ஒரு கோடு போட்டான்.

"படத்துல காட்டின படகு இது இல்லை" என்றார் அவர்.

"படத்துல பார்த்த மாதிரி எது சார் நேர்ல இருக்கு? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தவங்களைக் கேட்டுப் பாருங்க."

"மதியத்துக்கு நண்டு போடுறதா சொன்னாங்களே?"

"மீன் இருக்கு சார். நண்டுக்கு ஓடு உடைக்கணும், விரல் வலிக்கும்."

"முதல்ல ஆமை இருக்கிற தீவுக்குன்னு சொன்னாங்க. நீ என்னமோ பவளப்பாறைங்கிறே."

"ஆமை எங்க சார் ஓடப் போகுது? சாயங்காலம் பார்க்கலாம்."

டிமாயுகா அம்மாள் மட்டும் துறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, "தம்பி, என் வீட்டுக்காரர் வந்து..." என்று தயக்கமாக ஆரம்பித்தாள்.

"எனக்குப் புரியுது மேடம்" என்றான் எஃப்ரென், குரலைத் தாழ்த்தி. "சார் கொஞ்சம் சூடா இருக்காரு. தண்ணியில இறங்கினா ஆறிடுவாரு."

அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கைபேசி ஒலித்தது. எடுத்துப் படித்தவள் சிரித்துக்கொண்டாள்; துறையைத் திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். ஒரு பெண்ணின் மனக்கஷ்டத்தை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டோம் என்று எஃப்ரெனுக்குப் பெருமையாக இருந்தது.

வழிகாட்டி உரிமம் கைக்கு வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு தடவை தேர்வில் தவறி, மூன்றாவது தடவையில் வாங்கியது. மீன்களின் பெயர், முதலுதவி, அலைக் கணக்கு எல்லாவற்றிலும் அவன் புலி. 'பயணிகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டல்' என்ற பகுதியில்தான் இரண்டு முறையும் விழுந்தான். ஒரு ஆள் குறைந்து கரைக்குத் திரும்பினால் உரிமம் அன்றைக்கே போய்விடும். உரிமம் போவதை விடுங்கள். ஒரு மனிதர் கடலில் கிடக்கிறாரோ என்னமோ.

ஆனால் தலை பன்னிரண்டு இருக்கிறதே?

அப்போதுதான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாழையிலையில் சோறும் மீனும் வைத்து, முள்ளை ஒன்றொன்றாக ஓரத்தில் அடுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒல்லி மனிதரைக் கவனித்தான். காலையில் பார்த்த முகமே இல்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க எந்தப் படகுல வந்தீங்க?"

ஒல்லி மனிதர் திருடன் அகப்பட்ட மாதிரி விழித்தார். "அது வந்து தம்பி... நீலப் படகுல. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலே நீந்தி வந்துட்டேன். தப்புதான்."

எஃப்ரெனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பவளப்பாறைக்குப் பக்கத்தில் இரண்டு படகும் அருகருகே நின்றன. எல்லோரும் ஒரே ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், ஒரே கண்ணாடி, வாயில் ஒரே குழாய். இவர் படகு மாறி இங்கே ஏறிவிட்டார். மீசைக்காரர் அங்கே ஏறியிருப்பார். ஏறியிருக்க வேண்டும். கடவுளே, ஏறியிருக்கட்டும்.

"ஒண்ணும் பதறாதீங்க சார். நான் கொண்டு போய் விட்டுடறேன்."

"கொண்டு போயா? என் வீட்டுக்காரி அங்க..." என்று அவர் தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினார். அந்தத் திசையில், வளைகுடாவின் மறுகோடியில் நீலப் படகு நின்றுகொண்டிருந்தது.

"தெரியுது சார். பாவம், உங்களைக் காணோமேன்னு தவிச்சுக்கிட்டு இருப்பாங்க. வாங்க, வாங்க."

"அந்தப் படகுக்காரங்களுக்கு ஒரு நன்றியாவது சொல்லிட்டு வரலாம்தான்" என்று ஒல்லி மனிதர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

இரண்டு பேர் உட்காரும் சின்னத் துடுப்புப் படகைத் தண்ணீரில் தள்ளினான் எஃப்ரென். டிமாயுகா அம்மாள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, வாய்க் குழாயை எடுத்துவிட்டுக் கூவினாள்.

"தம்பி! அவரு சாப்பிட்டாரா?"

புருஷன் காணாமல் போனது அவளுக்கு இன்னும் தெரியவில்லை! எஃப்ரெனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"நல்லா சாப்பிட்டாரு மேடம்! ரெண்டு மீன்!"

அவள் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதரும் கையை ஆட்டினார். யார் கையாட்டினாலும் பதிலுக்கு ஆட்டுகிற வெள்ளை மனசு போலிருக்கிறது என்று எஃப்ரென் நினைத்துக்கொண்டான்.

நாலு துடுப்பு போடுவதற்குள் ஒரு யோசனை உறைத்தது. வழிகாட்டி இல்லாத நேரத்தில் ஐந்து பேர் தண்ணீரில் இருக்கிறார்கள். இன்னொருத்தர் தொலைந்தால்? இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்.

"ஜெல்லி மீன்! ஜெல்லி மீன் வருது! எல்லாரும் கரைக்குப் போங்க!"

ஐந்து பேரும் அலறியடித்துக் கரைக்கு ஓடினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் குரல் தண்ணீரில் தூரமாய்ப் போகும். அந்தப் பக்கம் நின்ற வெள்ளைப் படகில், "ஜெல்லி மீனாம்!" என்று ஒருவன் கத்தினான். அடுத்த படகில் மணி அடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் வளைகுடாவே காலி. மற்ற எல்லாப் படகும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. முதலில் கிளம்பியது நீலப் படகு.

"ஐயோ, நில்லுங்க! ஜெல்லி மீன் இல்லை! பொய்!" என்று எஃப்ரென் கத்தினான். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"ஜெல்லி மீன் நிஜமா இல்லையா தம்பி?" என்று ஒல்லி மனிதர் கேட்டார். கால் இரண்டையும் தூக்கி மடக்கி வைத்திருந்தார்.

"இல்லை சார். துடுப்புப் போடுங்க."

அவர் போட்டார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போட்டார். படகு ஒரு முழு வட்டம் அடித்து மறுபடி கரையைப் பார்த்தது. "நீங்க போட வேண்டாம் சார். சும்மா காலை நீட்டி உட்காருங்க" என்று எஃப்ரென் கெஞ்சினான்.

கருங்கல் முனையைச் சுற்றி முக்கால் மணி நேரம் துடுப்புப் போட்டதில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அடுத்த கடற்கரையில் நீலப் படகு அசைந்துகொண்டு நின்றது. ஆட்களெல்லாம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய வழிகாட்டியும் அவர்களோடு இருந்தான். படகில் ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டது.

"நண்டுல உப்பே இல்லை. இதுக்குப் பேரு நண்டா?"

எஃப்ரெனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாழ்நாளில் இவ்வளவு இனிமையான குரலை அவன் கேட்டதில்லை.

"சார்! நல்லா இருக்கீங்களா சார்!"

மீசைக்காரர் நண்டுக் காலோடு எட்டிப் பார்த்தார். "நீயா? நீ எதுக்கு இங்க வந்தே?"

"உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் சார். மேடம் நீங்க சாப்பிட்டாச்சான்னு கேட்டாங்க."

"எந்த மேடம்?"

எஃப்ரென் உள்ளுக்குள் பரிதாபப்பட்டான். சண்டை போட்ட புருஷன்கள் எல்லோரும் இப்படித்தான் 'எந்த மேடம்' என்று கேட்பார்கள். அவனே போன மாதம் மாமியார் வீட்டில் கேட்டிருக்கிறான்.

"கோபம் இருக்கத்தான் செய்யும் சார். அதுக்காக இப்படி வேற படகுல வந்து உட்கார்ந்துக்கலாமா?"

"வேற படகா? யோவ், நான் சொல்றதை..."

"சொல்லவே வேண்டாம் சார். நானும் கல்யாணம் ஆனவன்தான்."

மீசைக்காரர் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து இவனோடு மாரடித்து அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. பிறகு என்னமோ நினைவுக்கு வந்து, "என் செருப்பும் பையும் உன் படகுலதான் கிடக்கு. அதைக் கொண்டு வந்தியா?" என்றார்.

"அங்கேயே பத்திரமா இருக்கு சார். வந்தீங்கன்னா எடுத்துக்கலாம்."

"அதையும் நானே வந்து எடுக்கணுமா? இது ஒரு நிர்வாகமா?" என்று திட்டிக்கொண்டே இறங்கினார். சின்னப் படகு ஒரு சாண் தாழ்ந்தது.

ஒல்லி மனிதரைக் கைகொடுத்து நீலப் படகில் ஏற்றிவிட்டான் எஃப்ரென். "இங்கேயே இருங்க சார். வீட்டுக்காரங்க இதோ வந்துடுவாங்க."

"இங்கேயா வருவா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

"வேற எங்க வருவாங்க?"

ஒல்லி மனிதர் கொஞ்சம் யோசித்தார். சொன்னதைக் கேட்டே பழகினவர் போலிருக்கிறது. சரி என்று தலையாட்டிவிட்டு, நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வருவதற்குள் தாசியோ எல்லோரையும் படகில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். மீசைக்காரர் குனிந்து செருப்பைத் தேடும்போதே எஃப்ரென் கண்ணைக் காட்டினான், இன்ஜின் உறுமியது.

"யோவ்! என்னை மறுபடி அங்க கொண்டு போய் விடு!"

"மிச்சச் சண்டையை நாளைக்குப் போட்டுக்கலாம் சார். வாங்க, ஆமை பார்க்கலாம்."

முன்பக்கம் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு டிமாயுகா அம்மாள் சாய்ந்திருந்தாள். படகு ஆட்டம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. "தம்பி, அவர் எங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"பின்னாடி இருக்காரு மேடம். செருப்பு தேடுறாரு."

"சரி. அவர் வாங்கிட்டு வந்த மாத்திரையால ஒரேயடியா தூக்கமா வருது. கரை வந்ததும் எழுப்பு."

அதற்கப்புறம் எஃப்ரென் அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தான். ஒரு முழுப் பாட்டில் தண்ணீரைக் குடித்தான். பின்னாலிருந்து மீசைக்காரரின் குரல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஆமை சின்னதாக இருக்கிறது, வெயில் அதிகம், தர்பூசணியில் விதை, வழிகாட்டிக்குக் காது செவிடு. ஒவ்வொன்றும் எஃப்ரெனுக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. மனுஷன் உயிரோடு இருக்கிறார். அது போதும்.

"என்னடா சிரிக்கிறே?" என்றார் தாசியோ.

"ஒண்ணுமில்லை அண்ணே. எல்லாரும் இருக்காங்க."

சாயங்காலம் துறையில் கடலோரக் காவல்காரப் பெண் பட்டியலை வாங்கினாள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். "பன்னிரண்டு. சரி" என்று கையெழுத்துப் போட்டாள். எஃப்ரெனுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மூன்று தடவை நன்றி சொன்னான்.

பின்னாலேயே நீலப் படகும் வந்து ஒதுங்கியது. அதன் முனையில் ஒல்லி மனிதர் நின்றுகொண்டு கையை ஆட்டினார். அவரும் பத்திரம். எஃப்ரென் உற்சாகமாகப் பதிலுக்குக் கையாட்டிவிட்டு, மீசைக்காரரின் கையைப் பிடித்து, அப்போதுதான் தூக்கம் கலைந்து இறங்கிய டிமாயுகா அம்மாளிடம் அழைத்துப் போனான்.

"இதோ மேடம். சாரை ஒரு கீறல் இல்லாம ஒப்படைச்சுட்டேன்."

அவள் மீசைக்காரரைப் பார்த்தாள். நீலப் படகைப் பார்த்தாள். கடைசியில் எஃப்ரெனைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, காலையில என் வீட்டுக்காரரும் இவரும் படகு மாறி ஏறிட்டு, அத்தனை தண்ணியில நீந்தி அவங்கவங்க படகுக்கு வந்து சேர்ந்தாங்களே, அவங்களை எதுக்குப்பா மறுபடியும் மாத்தி வெச்சே?"