பதினொரு மனுக்களும் ஒரு பேனாவும்

என் அன்புக்கும் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று மாலைச் செய்தியில் சட்டமன்ற உறுப்பினரின் இடது தோளுக்குப் பின்னால் உங்கள் முகம் பாதி தெரிந்தது. நன்றாகச் சவரம் செய்திருந்தீர்கள். அதனால் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். மாமியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் "என்ன பாப்பா?" என்று கேட்டதும் "ஒண்ணுமில்ல மாமா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும், இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்து, தட்டச்சு செய்த வாக்குமூலத்தை மேசைமேல் வைத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தீர்களே, அப்போதும் அதையேதான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றீர்கள். இதோ பதில். நீங்கள் வேலை நெருக்கடியில் இருப்பவர் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் விருப்பப்படியே ஆகட்டும். தையல்காரம்மா வடிகாலில் விழுந்து கால் முறிந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கையெழுத்துப் போடுகிறேன். நம் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் கொடுத்ததில்லை. இந்த உயரத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதை ஒரு முறை வரிசையாக எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். விசாரணையில் கேட்டால் உளறாமல் சொல்ல வேண்டுமல்லவா?

எட்டு மாதத்துக்கு முன் நீங்கள்தான் சிபாரிசு செய்து என்னை நகராட்சி அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் உட்கார வைத்தீர்கள். மனு என் மேசைக்கு வரும். என்னிடமிருந்து தலைமை எழுத்தருக்கு, அவரிடமிருந்து பொறியாளருக்கு, அவரிடமிருந்து உறுப்பினரின் உதவியாளரான உங்களுக்கு, உங்களிடமிருந்து உறுப்பினருக்கு. அதற்கு மேல் வானம்தான். முதல் நாள் முதல் மனு வந்ததும், பட்டமளிப்பு அன்று நீங்கள் பரிசாகக் கொடுத்த பேனாவை எடுத்து, "பெற்றுக்கொள்ளப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதி, தேதி போட்டு, என் முழுப்பெயரை எழுதி, பக்கத்தில் பட்டத்தையும் சேர்த்தேன். நம் குடும்பத்துக்கு வந்த முதல் பட்டம், சும்மா வீட்டில் கிடப்பானேன் என்று. தலைமை எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "என்னம்மா, பேனாவுலயா போட்டே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "முழுப் பேரா? தேதி வேறயா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து மேசையைப் பார்த்து, "படிச்ச புள்ளைங்க, ஒண்ணும் தெரியாது" என்றார்.

அந்த அலுவலகத்தில் யாரும் பேனாவால் கையெழுத்துப் போடுவதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மனுவைப் பார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் பென்சிலால் ஒரு சுருக்கக் கையெழுத்து, கொசு உட்கார்ந்து எழுந்தது மாதிரி. காரியம் நடந்து, திறப்பு விழா வைத்து, படம் எடுத்தால் அதன் மேலேயே பேனாவை ஓட்டிக்கொள்வார்கள். காரியம் கெட்டுப்போனால் ரப்பர். எழுதுபொருள் பட்டியலில் மாதத்துக்கு இரண்டு பெட்டி ரப்பர் வாங்குகிறார்கள், பேனா வருடத்துக்கு ஒரு டஜன் போதுமாக இருக்கிறது. நானும் மறுநாள் முதல் பென்சிலுக்கு மாறியிருக்கலாம். ஆனால் என்னிடம் பென்சில் இல்லை, கேட்கக் கூச்சம். கேட்கக் கூச்சப்பட்ட ஒரே காரணத்தால் எட்டு மாதமாக நேர்மையாக இருந்திருக்கிறேன். அந்த முதல் வாரத்திலேயே ஒரு மனு காணாமல் போய், எல்லார் முன்னாலும் "பட்டம் வாங்கினா போதுமா, பத்திரமா வைக்கத் தெரிய வேணாமா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து காகிதங்கள் விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். அதுவும் ஒரு பக்கம்.

தையல்காரம்மா வந்தது அந்த மாதத்திலிருந்துதான். எங்கள் அலுவலக வாசலுக்கு நேர் எதிரே, பேருந்து நிறுத்தத்தின் ஓரத்தில் வடிகால் மேல் போட்ட சிமெண்டு மூடி உடைந்து, ஆள் இறங்குமளவுக்கு ஓட்டை. அதை ஒட்டித்தான் அவர் கடை. துணி கொண்டு வருகிறவர்கள் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் வர வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலையில் மனுவோடு வருவார். "பாப்பா, போன மனு எங்க போயிருக்கு?" என்பார். "மேல போயிருக்கும்மா" என்பேன். "மேலன்னா எந்த மாடி?" என்று கேட்டார் ஒரு நாள். இந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது மாமா. பதினொரு மனு. பதினொன்றிலும் என் பெயர், பட்டம், தேதி, நடவடிக்கை எடுக்கப்படும். நடவடிக்கை நடக்காததால் அவரே ஒரு நடவடிக்கை எடுத்தார்: கடையிலிருந்து கை உடைந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் பாதி இறக்கி வைத்தார். தூரத்திலிருந்தே தெரியும். நாங்களெல்லாம், பொறியாளர் உட்பட, காலையில் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் வேலைக்கு வருவோம்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. பேருந்து நிறுத்தத்துக்குப் புதுக் கூரை போட்டதை உறுப்பினர் திறந்து வைக்க வருகிறார் என்று விடுமுறை நாளிலும் எங்களை வரச் சொன்னீர்கள். நீங்களே முன்னால் நின்று எல்லாம் செய்தீர்கள். உங்கள் சுறுசுறுப்பை ஊரே பேசியது. "ஓட்டையைப் போட்டோவுல பார்த்தா அண்ணன் என்னைத் தொலைச்சிருவாரு" என்று பிளைவுட் பலகை ஒன்றை வரவழைத்தீர்கள். அது ஓட்டைமேல் பொருந்தியது. மரம் மாதிரி தெரிகிறது என்று சாம்பல் நிறச் சாயம் அடிக்கச் சொன்னீர்கள். அது சிமெண்டு மாதிரியே ஆகிவிட்டது. பொறியாளர் பக்கத்தில் நின்று, "ரெண்டு மணி நேரம் தாங்கும் சார்" என்றார். பொறியியல் கணக்கு அது, மிகச் சரியாக இருந்தது. பிறகு நாற்காலி. "இது எதுக்கு இங்க? போட்டோ எடுத்தா நாற்காலிதான் தெரியும், அண்ணன் தெரிய மாட்டாரு. பாப்பா, இதைத் தூக்கிட்டுப் போய் உள்ள போடு" என்றீர்கள். மாமா, விழா முடிஞ்சதும் திருப்பி வைக்கணுமே என்று சொன்னேன். மனதுக்குள் சொன்னேன். நாற்காலியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கனமே இல்லை. உறுப்பினர் வந்தார், "இது உங்க ஆட்சி, நான் உங்க வேலைக்காரன்" என்றார், எல்லாரும் கைதட்டினோம், என் கையும் தட்டியது. பலகைமேல் கால் படாமல் அவரைக் கைத்தாங்கலாக வண்டிக்கு அழைத்துப் போனீர்கள். அவ்வளவு கவனம் உங்களுக்கு. பலகை அங்கேயே இருந்தது. நாற்காலி உள்ளேயே இருந்தது. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை தையல்காரம்மா வந்தார். ஓட்டை மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார். எட்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி நடந்தவர் அன்றைக்கு, நாம்தான் போராடி வாங்கினோம் என்ற நினைப்பில், நேராக நடந்தார். சன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்தேன். அந்த நேரத்திலும் எழுந்து கத்தக் கூச்சம் என்று சொன்னால் நம்புவீர்களா? உங்களுக்கு என்னைத் தெரியும், நம்புவீர்கள். வலது கால், இரண்டு இடத்தில் முறிவு. தையல் இயந்திரம் மிதிக்கிற கால். தூக்கும்போது அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. பன்னிரண்டாவது மனு என்று நினைத்து வாங்கினேன். மனு இல்லை மாமா, நன்றிக் கடிதம். "எங்கள் குறையைத் தீர்த்து வைத்த அலுவலர்களுக்கும் உறுப்பினருக்கும், முக்கியமாக மனு வாங்கும் பாப்பாவுக்கும்" என்று இருந்தது. அதையும் பழக்கதோஷத்தில் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று மதியம் நீங்களும் தலைமை எழுத்தரும் பொறியாளரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பதினொரு மனுவிலும் ரப்பர் போட்டீர்கள். அந்த அலுவலகத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலையை அன்றே முடித்ததை அப்போதுதான் பார்த்தேன். தலைமை எழுத்தர் தூளை ஊதித் தள்ளி, காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சுத்தம்" என்றார். நன்றிக் கடிதத்தை மட்டும் கோப்பின் முதல் பக்கமாக வைக்கச் சொன்னீர்கள். மூடி ஒழுங்காகப் போடப்பட்டது என்பதற்குப் பாதிக்கப்பட்டவரே கொடுத்த சான்றாம். எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கெல்லாம் தனி மூளை வேண்டும்.

விசாரணை அதிகாரி புதன்கிழமை வந்து கோப்பை முழுவதும் புரட்டினார். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார், சளி பிடித்திருந்தது. "பதினொரு மனு. பதினொண்ணுலயும் ஒரே கையெழுத்து. வேற யாருமே பார்க்கலையா?" என்றார். தலைமை எழுத்தர் கூரையைப் பார்த்தார், பொறியாளர் தரையைப் பார்த்தார். "இந்தக் கோப்பைப் பார்த்தா இந்த ஊரை நீங்க ஒருத்தர்தாம்மா ஆட்சி பண்றீங்க" என்றார் என்னிடம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வெளியே வந்தது இருமல்.

மருத்துவமனைக்கும் போனேன். நீங்கள் போக வேண்டாம் என்றீர்கள், கட்சிக்குக் கெட்ட பெயர் என்றீர்கள், மன்னிக்கவும். தையல்காரம்மா காலை மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். திட்டுவார் என்று போனேன், திட்டவில்லை, உட்காரச் சொன்னார். பென்சில் கதையைச் சொன்னேன். நாற்காலியை எடுத்தது யார் என்பதையும் சொன்னேன். தொங்கும் காலைப் பார்த்தார். பிறகு, "நீதான் தூக்கினியா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் தன் இடது கை விரலைக் காட்டினார். தேர்தல் அன்று வைத்த மை நகத்தோரம் இன்னும் கறுப்பாக இருந்தது. "சோப்பு போட்டேன், கல்லுல தேய்ச்சேன், போகவே மாட்டேங்குது பாப்பா. எங்க விரலுக்கு மட்டும் இந்த மை, அவங்க கைக்குப் பென்சிலா?" என்றார். மேலே அனுப்புகிறேன் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. "ஒண்ணும் ஆகாது பாப்பா. ஒரு மாசம் வேலையை நிறுத்துவாங்க, அப்புறம் வேற இடத்துல நானே போட்டுத் தர்றேன். அண்ணன் மேல ஒரு சொல்லு வந்தா அவரை நம்பி இருக்கற எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் சொல்லு? நீ சின்னப் பொண்ணு, உன்னை யாரு என்ன கேட்கப்போறா?" என்றீர்கள். பொறுப்பு என்பது யாரையும் யாரும் கேட்காத இடத்தில் போய்ச் சேரும் ஒரு பொருள் என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. நீங்கள் போன பிறகு அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்" என்றாள். பிறகு, "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரிஞ்சா உனக்குப் பதிலா நானே போட்டுருவேன்டி. நீ இதுக்காடி இத்தனை வருஷம் கையெழுத்துக் கத்துக்கிட்டே?" என்றாள். அவளுக்குக் கைநாட்டுத்தானே. ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் பேசிவிட்டாள். நம் வீட்டிலேயே அரசியல் தெரிந்தவள் அவள்தான்.

ஆகவே மாமா, உங்களால் கிடைத்த வேலை, உங்களாலேயே போகிறது, முறையாகத்தான் இருக்கிறது. வாக்குமூலத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்து தருகிறேன். உறுப்பினருக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல்லவும். அவருக்கு நீண்ட ஆயுளும், பார்த்து நடக்கும் கால்களும் கிடைக்கட்டும். மாமிக்கு என் அன்பு. உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,

உங்கள் அக்கா மகள்,
நீங்கள் வாயில்லாப்பூச்சி என்று பெருமையாகச் சொல்லும் பெண்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை முழுவதும் பென்சிலில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் ஒன்று வாங்கிவிட்டேன். நம் அலுவலக வழக்கப்படி, மேலே நான் ஒப்புக்கொண்டது எதுவும் கணக்கில் வராது. வசதிக்காக உறைக்குள் ஒரு ரப்பரும் வைத்திருக்கிறேன்.

பேனாவால் எழுதியது வேறு. அதை இன்று காலை விசாரணை அதிகாரியின் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஆறு பக்கம். முதல் பக்கம் என்னைப் பற்றியது: ஓட்டை இருப்பது தெரிந்தும் நாற்காலியைத் தூக்கினேன், திருப்பி வைக்கவில்லை, கத்தவில்லை. மீதிப் பக்கங்களில் பலகை, சாயம், இரண்டு மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் எல்லாம் இருக்கிறது. கூடவே மனுக்களின் நகல்களும். முதல் வாரம் திட்டு வாங்கினேன் என்றேனே, அன்று முதல் காகிதம் தொலைந்துவிடும் என்ற பயத்தில் மேலே போய்க் கோப்புக்குத் திரும்பி வருவதையெல்லாம் வாரம் தவறாமல் நகல் எடுத்து வீட்டில் அம்மாவின் துணி அலமாரியில் வைத்திருந்தேன். நகலில் பென்சில் எழுத்து நன்றாகக் கறுப்பாக விழுகிறது, மாமா. உங்களுடையது பதினொன்றிலும் இருக்கிறது. அழகான கையெழுத்து. கையெழுத்துப் போட்டது, உறைமேல் பெயர் எழுதியது, எல்லாம் நீங்கள் கொடுத்த பேனாவை வைத்துத்தான்.

இன்னொன்று. பலகை உடைந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வரும் வழியில் அந்தச் சிவப்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் ஓட்டைக்குள் திரும்ப வைத்துவிட்டேன். அதை எடுக்கச் சொல்லி யாரையும் அனுப்ப வேண்டாம். இந்த முறை கத்துவேன்.