அச்சு அசல் நோயாளி

"கட்! யோவ், எல்லாப் படத்துலயும் பைத்தியம்னா இதே சிரிப்புதான். இது மனச்சிதைவு நோயாளிய்யா. எனக்கு உண்மை வேணும், உண்மை!" என்று மைக்கில் அலறினார் இயக்குநர்.

திட்டு வாங்கியவனுக்கு யூனிட்டில் பெயர் 'பொணம்'. இதுவரை பிணமாக மட்டுமே நடித்தவன். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூச்சுவிட அனுமதி கிடைத்த முதல் வேஷம் இது. நாளைக்குத் தயாரிப்பாளர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடிக்காவிட்டால் வேஷம் இயக்குநரின் மச்சானுக்குப் போய்விடும். மச்சான் தாடியோடு தயாராக நின்றிருந்தார்.

பொணம் தலையைக் கலைத்துக்கொண்டான்.

"பேய்ப்படமாய்யா எடுக்கறேன்?"

சட்டையைக் கிழித்துக்கொண்டான். அது வாடகைச் சட்டை என்பதால் காஸ்ட்யூமர் அழவே ஆரம்பித்துவிட்டார்.

"போய் நிஜ நோயாளியைப் பாத்துட்டு வாய்யா!"

சங்கிலியும் கம்பிக்கதவும் இருக்கும் என்று நம்பி மனநல மருத்துவமனைக்குப் போனான். இருந்தவை பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பர் படித்தார்கள், கொட்டாவி விட்டார்கள். ஒருத்தர்கூட ஒத்துழைக்கவில்லை.

அப்போதுதான் அந்த ஆள் கண்ணில் பட்டார். ஜன்னலோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். காற்றைப் பார்த்துக் கத்தினார். சுவரை நோக்கி விரலை ஆட்டினார். நெற்றியில் படார் படாரென்று அடித்துக்கொண்டார். பொணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்தில் ஒரு அம்மா நிதானமாகக் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரராம்மா?"

"ஆமா."

"ரொம்ப நாளா வர்றீங்களா?"

"பல வருஷமா."

"கட்டிப்போட்டு, கரண்ட் ஷாக்கெல்லாம் வச்சு..."

அம்மா சிரித்துவிட்டார். "சினிமா நிறைய பாப்பீங்களா தம்பி? மாத்திரையை விடாம சாப்பிடணும். டாக்டர்கிட்ட மனசுவிட்டுப் பேசணும். அப்பறம் வேலை, வீடு எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும்."

இந்த மனுஷரோடு குடும்பம் நடத்தி இவ்வளவு பொறுமையா என்று அவன் மனம் உருகியது. உருகிக்கொண்டே அந்த ஆளின் நடையையும் விரலாட்டலையும் மனப்பாடம் செய்தான்.

மறுநாள் "ஆக்‌ஷன்!" என்றதும் நடந்தான், கத்தினான், நெற்றியில் அடித்துக்கொண்டான். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கேயோ பாத்த மாதிரியே இருக்குய்யா! அதான் உண்மை!"

யூனிட்டே கைதட்டியது. மச்சான் தாடியை மழிக்க பிளேடு வாங்கப் போய்விட்டார்.

"தயாரிப்பாளர் சார் வந்துட்டார்!" என்று யாரோ சொல்ல, பொணம் திரும்பினான். கேமராவுக்குப் பின்னால் அதே ஆள். பக்கத்தில் அதே அம்மா.

ஓடிப்போய்க் காலில் விழுந்தான். "சார், மன்னிச்சிடுங்க! உங்களுக்கு இந்த வியாதின்னு தெரியாம அப்படியே காப்பியடிச்சிட்டேன் சார்!"



"எனக்கா? வியாதியா? எனக்கா?" தயாரிப்பாளர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். இயக்குநர் அவரையும் பொணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக மைக்கைக் கீழே வைத்தார்.

அந்த அம்மாதான் குனிந்து அவனைத் தூக்கிவிட்டார்.

"இவர் நேத்து காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு உங்க டைரக்டரைத் திட்டிட்டிருந்தார் தம்பி. தயாரிப்பாளர் வேஷம்னா உங்களை விட்டா ஆளில்ல. ஆனா நோயாளியா நடிக்கணும்னா, நீங்க என்னைத்தானே பாத்திருக்கணும்!"