லென்ஸ் அண்ணை பார்த்த வெளிச்சம்

சூரியன் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று மேற்பார்வை பார்க்க டொரன்டோவில் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் லென்ஸ் அண்ணைதான். மோர்னிங்சைட்டில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். ஸ்கீ கண்ணாடி ஒன்றும், அதில் மாற்றி மாற்றிப் பூட்ட ஒரு பிஸ்கட் தகர ரின் நிறைய லென்ஸுகளும் வைத்திருந்தார். ஸ்கீ மட்டும் கிடையாது. வாழ்நாளில் ஒருதரம்கூடப் பனியில் சறுக்கியதில்லை.

பனி விழுந்துவிட்டால் அந்தக் கண்ணாடியோடுதான் பஸ்ஸுக்கு நிற்பார். எரிக்கிற வெயிலுக்குக் கறுப்பு, மூட்டத்துக்கு மஞ்சள், இருட்டினால் நிறமே இல்லாதது. வெங்காயம் வெட்டவும் அதே கண்ணாடிதான்.

"அண்ணை, வெங்காயத்துக்கு எந்த லென்ஸ்?" என்று லிஃப்டில் கேட்டேன்.

"சின்ன வெங்காயமோ, பம்பாய் வெங்காயமோ?" என்றார், சிரிக்காமல்.

அந்தப் பனி மாரியில்தான் என் மகள் அபி, "என்ர அப்பாவும் ஸ்கீ பண்ணுவார்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். நானோ எஸ்கலேட்டரிலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போகிற வீரன்.

"ஜஸ்ட் ஒருக்கா, அப்பா. மேல இருந்து கீழ என்னோட வந்தாக் காணும். ப்ளீஸ்."

அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? தலையாட்டிவிட்டு நேரே மேல்மாடிக்கு ஓடினேன்.

"விழுறதை நீர் பாரும். வெளிச்சத்தை நான் பாக்கிறன்" என்று ரின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார் அண்ணை.

வழியில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் காரைத் திருப்பவைத்தார். "பல்லுக்கு, முதுகுக்கு, முழங்காலுக்கு" என்று ஒவ்வொரு குறியாக என் நெற்றியில் திருநீற்றை அப்பினார்.

மலையில் நல்ல வெயில். தன் கண்ணாடியில் கறுப்பு லென்ஸைப் பூட்டி எனக்கு மாட்டி அனுப்பினார். பழகுபவர்களுக்கான சின்னச் சரிவுதான், எனக்கு இமயம். அபியோடு உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் மேகம் மூடிவிட்டது. கீழே பார்த்தால் மேடு எது, பள்ளம் எது, ஒன்றும் தெரியவில்லை. அண்ணை சப்பாத்துக் காலோடு மூச்சுவாங்க ஏறி வந்தார்.

"மூட்டம். மஞ்சள் போட்டா மேடு பள்ளம் துலக்கமாத் தெரியும்." பூட்டினார். "இப்ப என்ன தெரியுது?"

"பால், அண்ணை."

ரோஸ் லென்ஸை மாற்றினார். "இப்ப?"

"ரோஸ் மில்க்."

அண்ணையின் முகம் செத்துப்போனது. அவருடைய ரின்னில் இல்லாத வெளிச்சமும் உலகத்தில் இருக்கிறதா? நானும் கீழே இறங்கி நடக்க ஒரு சாட்டுக் கிடைத்ததென்று மெல்லத் திரும்பினேன். அபியின் உதடு துடித்தது. ஆனாலும் கெட்டிக்காரி, என் கண்ணாடிக்குள் விரலை விட்டு ஒரு வழி வழித்தாள். விரல் முழுக்கத் திருநீறு. பூட்டிய லென்ஸிலெல்லாம் பிள்ளையாரின் அருள் பொழிந்திருந்தது.

"அங்கிள், ப்ராப்ளம் வெதரில இல்ல. அப்பான்ர நெத்தியில."

அண்ணை மஃப்ளரால் என் நெற்றியைத் துடைத்து, மஞ்சளைத் துடைத்து, மறுபடி பூட்டினார். ஒரு நொடியில் மலை முழுக்கக் கோடு கோடாக எழுந்து நின்றது. ஒவ்வொரு மேடும் தெரிந்தது. பயப்பட மறந்து சறுக்கினேன். சறுக்கினேன் என்பது மரியாதைக்கு. பாதி வழி பின்பக்கத்தால் வந்தேன். அபி பக்கத்திலேயே, "அப்பா, வாறீங்கள், வாறீங்கள்" என்று கத்திக்கொண்டு வந்தாள். கீழே வந்து என்னைக் கட்டிப்பிடித்து மறுபடியும் விழுத்தினாள்.

பின்னாலேயே ஓடி இறங்கி வந்த அண்ணையின் கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"என்னண்ணை, அழுறியளோ?"

"சும்மா இரும். கண்ணாடி உம்மட்டயெல்லே கிடக்கு. வெயில் கூசுது."

வானம் முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. அவருடைய மஞ்சள் லென்ஸுக்குள்ளால் எனக்கு அது துலக்கமாகவே தெரிந்தது.