குல்ஃபிக்குப் பக்கத்தில் ஒரு என்சைம்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒரு என்சைமால் மாப்பிள்ளையை இழந்த ஒரே பெண் எங்கள் மெத்தில் அக்காதான்.

வேதாரண்யத்துக்காரர். ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்து அறை. நான் பி.காம், அவர் நெல்லிலிருந்து எடுத்த ஒரு என்சைமை வைத்து பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். புரோட்டீன்மேல் மெத்தில் என்ற குட்டித் துணுக்கை ஒட்டுவது அந்த என்சைமின் வேலை. அதை ஊர் முழுக்கச் சொல்வது அக்காவின் வேலை.

மெஸ்ஸில் இட்லி வந்தால் போதும், அதன்மேல் ஒரு கடுகை அழுத்துவார். "இட்லிதான் புரோட்டீன், கடுகு மெத்தில். இத்துனூண்டுதான்டி! ஒட்டிட்டா புரோட்டீனோட குணமே மாறிடும்." நமக்கு இட்லி ஆறிவிடும். வார்டன் எரிந்து விழுந்தால், "பாவம், அவங்க மேல யாரோ மெத்தில ஒட்டிட்டாங்க" என்பார்.

திருவிடைமருதூர் மாப்பிள்ளை ஒருவர் போனில், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டார். அக்கா சொன்னார். முழுதாகச் சொன்னார். அதன்பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

ஒரு கார்த்திகையில் புயலடித்துக் கரண்ட் போனது. டிபார்ட்மெண்ட் ஜெனரேட்டரில் இருந்த கொஞ்சம் டீசலும் அக்காவின் பிஎச்.டி. கைடு அறை ஏசிக்குப் போனது. வெளியே அடித்த காற்று அவருக்குப் போதவில்லை போலும். அக்கா என்சைம் குழாய்களை ஐஸ் பெட்டியில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பாய் ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினார். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"என்சைம் பாய். ஃப்ரீசர்ல வைக்கணும்."

"சைவமா, அசைவமா?"

"புரோட்டீன் பாய்."

"அப்ப கறிதான்." குல்ஃபியை நகர்த்தி இடம் கொடுத்தார்.

அக்கா அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஃப்ரீசர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குல்ஃபி கேட்டு வந்தவர்களிடம், "தொறக்காதீங்க, உள்ள இருக்கறது செத்துடும்!" என்றார். வந்த வேகத்தில் பைக்குகள் திரும்பின.

பாய் கெஞ்சினார். "நீங்க போய் சாப்பிடுங்கம்மா. கரண்ட் வர்ற வரைக்கும் சத்தியமா நான் தொறக்க மாட்டேன்." திறக்கவும் இல்லை, பாவம்.

ஆனால் ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் குளிர் அந்த என்சைமுக்குப் பற்றவில்லை. சோதித்துப் பார்த்தபோது எதையும் ஒட்டவில்லை, செத்திருந்தது. "கேர்லெஸ்," என்றார் கைடு, ஏசியில் உட்கார்ந்தபடி.

கடைப்பக்கம் போனபோது பாய் ஆவலாகக் கேட்டார்: "பொழச்சுதாம்மா?"

"நல்லா பொழச்சிருச்சு பாய். உங்களாலதான்," என்றார் அக்கா.

தெருமுனை திரும்பியதும் அழுதார். மறுநாள் காலை புதிதாக நெல்லை ஊறப்போட உட்கார்ந்தார். எனக்கு வகுப்பு இருந்தது. போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதர் பொறுக்கிக் கொடுத்தேன்.