நாற்காலி ஆல்பத்தில் ஒரு மணியோசை

காது என்ற உறுப்பு மனைவி சொல்வதைக் கேட்பதற்காக வழங்கப்பட்டது என்றொரு தவறான கருத்து நெடுங்காலமாக உலவி வருகிறது. அதைத் திருத்தி, காதை அதன் உண்மையான பணியில் அமர்த்திய பெருமை 'நுண்செவியர் மன்ற'த்தையே சேரும். மன்றத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். பொருளாளர், உலகத்தின் எல்லாக் கோளாறுக்கும் கம்பிதான் காரணம் என்று நம்புகிறவர். ஆகவே 'கேபிள்' என்று அழைக்கப்பட்டார். செயலாளர், தணிக்கை அலுவலகத்தில் பிறர் வேலையில் குறை கண்டுபிடிப்பவர். சாதாரண உறுப்பினர் என்று யாரும் கிடையாது. அவ்வளவு உயர்ந்த மன்றம்.

செயலாளர் வீட்டு முன்னறைதான் தலைமையகம். அங்கே பீரோ உயரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் சுவரைத் தொடாமல் நின்றன. தொட்டால் 'பாஸ்' என்கிற அடித்தொனி வீங்கிவிடும். பாஸ் வீங்கக்கூடாது என்பதற்காகச் சாப்பாட்டு மேஜை பால்கனிக்கு மாற்றல் செய்யப்பட்டு, மழையில் நனைந்து அதன் கால் வீங்கிக்கொண்டிருந்தது. செயலாளரும் மனைவியும் கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். முன்னறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது நிற்க வேண்டிய இடம் தரையில் டேப் ஒட்டிக் குறிக்கப்பட்டிருந்தது. பெருக்கும்போது யாரோ அதை நகர்த்திவிட்டதில் ஒருமுறை பாடகர் வலப்பக்கம் சாய்ந்துவிட்டார். செயலாளருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மன்றத்துக்கு வேதம் ஒரே ஒரு ஆல்பம். அட்டையில் காலி நாற்காலி ஒன்றின் படம் இருப்பதால் நாற்காலி ஆல்பம் என்பார்கள். முடி வளர்த்த நான்கு பேர் ஓர் அறைக்குள் அடைந்துகொண்டு, ப்ளூஸ் என்ற பழைய சோகப் பாட்டை எடுத்து, அதற்கு மின்சார கிட்டாரைப் பூட்டி, ராக் வேகத்தில் ஓட்டிய ஆல்பம். செயலாளர் அதைப் பள்ளிக்கூட நாளில் கேசட்டாக வாங்கினார். வேலை கிடைத்ததும் இசைத்தட்டாக வாங்கினார். கல்யாணம் ஆனதும் சிடியாக. அப்புறம் 'புதுப்பிக்கப்பட்ட' சிடியாக. ஒவ்வொரு முறையும், இதுதான் அசல், இதுவரை நாம் கேட்டது வெறும் நிழல் என்று மனைவியிடம் அறிவித்தார். மனைவி பள்ளியில் பூகோளம் நடத்துகிற ஆசிரியை. வரைபடத்தில் இடம் பெறாத தீவுகளைப் பற்றி அவர் பேசுவதில்லை.

ஆனால் அதே ஆல்பம் கனத்த இசைத்தட்டாக மறுபடி வீடு வந்து சேர்ந்த அன்று, பொட்டலம் பிரியும்போதே அவர் வாய் திறந்தார்.

"இதுல புதுசா என்னங்க கேக்கும்?"

"நெறைய கேக்கும்."

"நெறைய வேணாம். ஒண்ணே ஒண்ணு போதும். பழசுல இல்லாத ஒரு சத்தம், உங்க மூணு பேருல யாராவது ஒருத்தருக்குக் கேட்டுட்டா நான் இனிமே வாயே திறக்கல. கேக்கலேன்னா மேஜை உள்ள வருது. பெட்டி ரெண்டும் பால்கனிக்குப் போகுது."

மழைக்காலம் அது. பால்கனிக்குப் போகிற ஒலிபெருக்கி திரும்பி வராது. ஆனாலும் செயலாளர் சவாலை ஏற்றுக்கொண்டார். மனைவி மேஜை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டதால் வேறு வழி இருக்கவில்லை.

ஞாயிறு மாலை மன்றம் கூடியது. மனைவி பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். சாவி எடுத்துப் போகவில்லை, பெல் அடித்தால் திறங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இசைத்தட்டுக் கருவியின் ஊசியில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்த செயலாளர் தலையாட்டினார். தலையாட்டலைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லை.

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. மின்விசிறி நிறுத்தப்பட்டது. ஃபிரிட்ஜ் முனகுகிறது என்று கேபிள் புகார் செய்ததால் அதன் பிளக் பிடுங்கப்பட்டது. கைபேசி அலைகள் ஒலியில் கறை படியச் செய்யும் என்பதால் மூன்று கைபேசிகளும் அந்த ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்து மூடப்பட்டன. தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். மற்ற இருவரும், சரியான ஒலி அந்த ஓரிடத்தில்தான் கிடைக்கும் என்பதால், தலைவரின் தலையோடு தலை ஒட்டிக் குனிந்து நின்றார்கள்.

முதலில் பழைய இசைத்தட்டு, பிறகு புதியது. கருத்துகள் முறைப்படி தெரிவிக்கப்பட்டன. பாஸ் ஆரோக்கியமான ஈறு மாதிரி இறுக்கமாக இருப்பதாகத் தலைவர் சொன்னார். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம் என்றார் கேபிள். யார், எதற்காக நடந்து போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒலியில் ஒரு 'வெதுவெதுப்பு' இருப்பதாகத் தலைவர் மேலும் சொன்னார். மின்விசிறி நின்றிருந்ததால் அதை மறுப்பதற்கில்லை. அதெல்லாம் சரி, பழசில் இல்லாதது எது என்று செயலாளர் கேட்டபோது, தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கேபிள் கம்பியைப் பார்த்தார். செயலாளரோ, கதவோரம் மடித்து வைத்திருந்த மேஜை விரிப்பைப் பார்த்தார்.

மூன்றாவது பாட்டு மெதுவானது. மூடிய கதவுக்கு வெளியே நின்று, திறக்கச் சொல்லி ஒருவன் கெஞ்சுகிற பாட்டு. உள்ளே இருப்பவள் கடைசிவரை திறப்பதில்லை. அவளுடைய கல்மனசைப் பற்றித் தலைவர் முன்பு ஒருமுறை உரையே ஆற்றியிருக்கிறார். அந்தப் பாட்டு பாதி ஓடியபோது, இடது ஒலிபெருக்கிக்கும் பின்னால், ஏதோ ஓர் ஆழத்திலிருந்து, ஒரு மணி ஒலித்தது.

மூவரும் அசையவில்லை.

"கேட்டீங்களா?" என்றார் கேபிள், தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுவது போல.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார்கள். மணி மறுபடி ஒலித்தது, முன்னைவிட நீளமாக. பழைய இசைத்தட்டைப் போட்டார்கள். மணி இல்லை. புதியதைப் போட்டார்கள். இப்போது மணியோடு, கதவைத் தட்டும் ஓசையும் வந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு காலம் புதைந்து கிடந்த கதவு இன்றுதான் வெளியே வந்திருக்கிறது என்றார். அதையடுத்து ஒரு பெண்குரலும் எழுந்தபோது மன்றம் நிலைகுலைந்தது. இந்த ஆல்பத்தில் பெண்குரல் இருப்பதாக எந்த அட்டையிலும் போட்டதில்லை.

"இதுதாங்க ப்ளூஸு. அடிவயித்துலேருந்து வருது பாருங்க," என்றார் தலைவர்.

மன்றத்தின் கருத்து உடனே இணையத்தில் வெளியிடப்பட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. கேபிள் ஃபிரிட்ஜிலிருந்து தன் கைபேசியை மட்டும் எடுத்து வந்தார். பெண்குரல் பற்றிய பகுதியைச் செயலாளரே சொல்லச் சொல்ல அவர் பதிந்தார். அந்தக் குரல் செயலாளருக்கு ஏனோ மிகவும் பழகியதாகத் தோன்றியது. ஆல்பத்தோடு அத்தனை வருஷம் வாழ்ந்ததன் பலன் அது.

இசைத்தட்டு ஓடி முடிந்தது. ஊசி தானாக எழுந்து தன் இடத்தில் போய்ப் படுத்தது. மணி ஒலித்தது.

"தட்டு நின்னாலும் சத்தம் நிக்கல பாருங்க," என்றார் கேபிள் பரவசமாக. "இதுக்குப் பேர்தான் தரம்."

செயலாளருக்கு அப்போதுதான் கடை நினைவுக்கு வந்தது. போய்க் கதவைத் திறந்தார். மனைவி சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். அவர் பேசுவதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார். பழசில் இல்லாதது கிடைத்துவிட்டது, ஒருத்தருக்கு இல்லை, மூன்று பேருக்கும் கேட்டது, மேஜை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"என்ன கேட்டுச்சு?"

மணி, கதவு தட்டும் ஓசை, பெண்குரல் என்று அவர் வரிசைப்படுத்தினார்.

"அந்தப் பொம்பள என்ன சொன்னா?"

இதற்குத் தலைவர் எழுந்து நின்று பதிலளித்தார். "வார்த்தை பிடிபடலைங்க டீச்சர். ஆனா அந்த வேதனை இருக்கே, அது நேரா இங்க வந்து இறங்குச்சு."

"என்னங்க, கதவத் திறங்க, பை கிழியுது, முட்ட விழப்போகுதுன்னு சொன்னா," என்றார் மனைவி. "நடுவுல கீழ்வீட்டு ஃபோன்லேருந்துகூடக் கூப்பிட்டுப் பார்த்தா."

அப்போது அறையில் நிலவியதுதான் மன்றத்தின் வரலாற்றிலேயே மிகத் தூய்மையான மௌனம். ஒரு சிறு இரைச்சல்கூட இல்லை. ஃபிரிட்ஜும் ஓடவில்லை அல்லவா?

மேஜையை மூன்று பொறுப்பாளர்களும் சேர்ந்து உள்ளே தூக்கி வந்தார்கள். பெட்டிகள் மழைக்குப் போக வேண்டாம், சுவரோடு ஒட்டி நின்றால் போதும் என்று மனைவி கருணை காட்டினார். பாஸ் வீங்கியது. உடைந்த முட்டைகள் ஆம்லெட்டாக வந்தன. வீங்கின காலோடு மேஜை லேசாக ஆட, நால்வரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேஜையோடு அதன் நாற்காலிகளும் வந்துவிட்டதால் முதன்முறையாக எல்லோருக்கும் இடம் இருந்தது.

கேபிளின் கைபேசி ஓயாமல் சிணுங்கியது. முன்பின் தெரியாத ரசிகர்கள், தங்களுக்கும் அந்த மணி கேட்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். சிலருக்கு இரண்டு மணிகள் கேட்டன. ஒரே ஒருவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். நல்ல கம்பி வாங்கும்படி மற்றவர்கள் அவருக்கு அறிவுரை சொல்லியிருந்தார்கள். தீர்மானத்தைத் திரும்பப் பெறலாமா என்று கேபிள் மெல்லக் கேட்டார். இத்தனை பேருக்குக் கேட்ட பிறகு அது முறையாகாது என்றார் தலைவர்.

மனைவி கைபேசியை வாங்கி, செயலாளர் சொன்ன பகுதியை வகுப்பில் படிப்பது போல உரக்கப் படித்தார். "'ஆல்பத்தின் உச்சம் அந்தப் பெண்குரலே. நாள் முழுதும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.'"

படித்துவிட்டுக் கணவரின் தட்டில் இன்னொரு துண்டு ஆம்லெட்டை வைத்தார்.

"இத்தன வருஷமா இந்தக் குரல்லதாங்க உங்களக் கூப்பிட்டுட்டிருக்கேன். இன்னைக்குத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்க. அதுவும் வேற எவளோன்னு நெனச்சு."