அறுபத்தொரு பர்சன்ட்டில் வந்தவாசி

ஒரகடம் வட்டாரத்தில் பேட்டரியில் ஓடும் கார்கள் எத்தனையோ வந்துவிட்டன. பேட்டரியில் ஓடிய மனிதர் ஒருவர்தான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அவர் இருந்தார். அவருடைய பெயர் குடியிருப்போர் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் அந்தப் பதிவேடு என்னிடம்தான் இருந்தது. இருந்தும் அந்தப் பெயரைச் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பர்சன்ட்.

பெயர் வைத்தவர் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி.

"இன்னா சார், டிபன் ஆச்சா?"

"எழுபது பர்சன்ட்."

"ராத்திரி தூங்கினீங்களா?"

"நாப்பதுதான் ஏறுச்சு. கொசு."

இதை அவர் சிரிக்காமல் சொல்வார். மின்சார கார் வாங்கிய மூன்றாம் வாரத்திலேயே இந்த நிலைக்கு வந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்கு சைலன்சர் செய்யும் பிரிவில் லைன் சூப்பர்வைசர். சத்தமே போடாத வண்டியைத் தன் சொந்தப் பணத்தில், அதுவும் பழைய வண்டியாகத் தேடிப்பிடித்து வாங்கியது பற்றி அவருடைய மேலதிகாரிகள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

வண்டி செகண்ட் ஹேண்ட். புதிதாக இருந்தபோது எவ்வளவு போயிற்றோ, இவரிடம் வந்தபோது முழு சார்ஜில் நூற்றிருபது கிலோமீட்டர் போனது. சார்ஜ் போடுவதற்குக் கீழே பார்க்கிங்கில் இணைப்பு இல்லை. தன் வீட்டு சமையலறை பிளக்கிலிருந்து ஒரு வயரை பால்கனி வழியாகத் தொங்கவிட்டிருந்தார். அது முதல் மாடிக்காரரின் துணிக்கொடியை உரசிக்கொண்டு இறங்கி, துளசிச் செடியைச் சுற்றி, காரின் மூக்கில் முடியும்.

"பர்சன்ட் சார், வண்டிக்கு டிரிப்ஸ் ஏறிக்கினு கீதா?" என்பார் செக்யூரிட்டி, ஆஸ்பத்திரியில் நோயாளியை விசாரிக்கும் குரலில்.

நான் மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் மேல் அடுக்குக்குப் போய்விடும் என்று அவரிடம் சொன்னது என் தவறுதான். மறுநாளே அவர் வீட்டுச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. காலை ஷிப்ட்: மிக்ஸி, கிரைண்டர். ஜெனரல் ஷிப்ட்: பிரிட்ஜ், வாஷிங் மெஷின். நைட் ஷிப்ட்: கார். காருக்கு மட்டும் வார விடுமுறை கிடையாது.

"சாயந்தரம் மாவு அரைக்க ஒரு அவர் ஓ.டி. கேட்டேண்ணா," என்றார் அவருடைய மனைவி கஸ்தூரி என்னிடம். "லைன் ஃபுல்லா கீதுன்றாரு. என் வூட்டு கிரைண்டருக்கு நான் லீவ் லெட்டர் எழுதிக்கினு கீறேன்."

மேம்பாலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த வகை வண்டிகள் இறக்கத்தில் போகும்போது தாமே கொஞ்சம் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குத் திருப்பித் தரும். இது விற்பனைத் தாளிலேயே இருக்கிறது. பர்சன்ட் அதைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் மேம்பாலத்தில் ஏழு முறை ஏறி இறங்கினார். திரும்பி வந்தபோது வண்டியில் ஒன்பது பர்சன்ட் குறைந்திருந்தது.

"ஏறச்சொல்ல ரெண்டு போவுது, இறங்கச்சொல்ல ஒண்ணு வருது," என்றார். பிறகு, "ஏறாம இறங்க எதுனா வழி கீதா சார்?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார். இயற்பியலில் அதற்கு இடமில்லை என்றேன். மேலிடத்தில் விண்ணப்பித்துப் பார்க்கலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு பெட்ரோல் கார் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கஸ்தூரிக்கு பெட்ரோல், டீசல் வாசனை ஆகாது. பஸ் ஏறினால் அடுத்த நிறுத்தத்துக்குள் வாந்தி. திருமணமான புதிதில், வேலை முடிந்து வரும் கணவரின் சட்டையில் இருந்த புகை வாசனைக்கே குமட்டி, அவரை வாசலில் நிறுத்திக் குளிக்கவைத்தவர். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்து போவார். அதற்கு அப்பால் அவருக்கு உலகம் இல்லை. தாய்வீடு வந்தவாசியில். அங்கே அவருடைய ஒரே தம்பி வீடு கட்டினான், இவர் போகவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், போகவில்லை. இப்போது அந்தத் தம்பிக்கு முப்பத்தெட்டு வயதில், பத்து வருடம் தேடி, பெண் கிடைத்திருந்தது. தாலியில் மூன்றாம் முடிச்சு போடவேண்டிய நாத்தனார் கஸ்தூரி ஒருவர்தான்.

"அதுக்காவதான் சார் வண்டி," என்றார் பர்சன்ட். "இதுல பொகையும் இல்ல, வாசனையும் இல்ல. கஸ்தூரி போயி முடிச்சு போட்டுட்டா போதும்."

இதை அவர் என்னிடம் சொன்னது, பார்க்கிங்கில் தனி மீட்டரோடு சார்ஜிங் இணைப்பு வாங்க சங்கத்தின் தடையில்லாச் சான்று கேட்டு வந்த அன்று. நான் மனுவை வாங்கிப் படித்தேன். பார்க்கிங்கின் வரைபடம் இணைக்கப்படவில்லை. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது முறை வரைபடம் இருந்தது. மனு செயலாளருக்கு என்றில்லாமல் தலைவருக்கு என்று எழுதப்பட்டிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. எனவே, பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும், அடுத்த பொதுக்குழு ஐந்து மாதம் கழித்து என்றேன்.

"சரி சார்," என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இருங்காட்டுக்கோட்டை வரை போய் நண்பர்களுக்கெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டு ஒன்பது பர்சன்ட்டில் வந்தார். அன்றைய நைட் ஷிப்ட்டைக் கல்யாணப் பலகாரத்துக்காக கஸ்தூரியின் கிரைண்டருக்கு விட்டுக்கொடுத்தார். மறுநாள் பகல் முழுக்க சார்ஜ் போட்டு, மாலையில் கிளம்பி, இரவே வந்தவாசியில் இருக்கவேண்டும் என்பது திட்டம். அந்த மறுநாள்தான் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. அறிவிப்பை நான் முறைப்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தேன். ஒட்டுவது செயலாளரின் கடமை. படிப்பது அவர்கள் கடமை.

நெடுஞ்சாலை ஓட்டலில் ஒரு வேக சார்ஜர் உண்டு. யூனிட் விலை மூன்று மடங்கு என்பதால் பர்சன்ட் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதவர். அன்று கொள்கையை விட்டுவிட்டுப் போனார். பழுது என்று இயந்திரத்தின் மேல் துணி போட்டு மூடியிருந்தார்கள். மாலை ஐந்துக்கு மின்சாரம் வந்ததும் சமையலறை வயரைச் செருகினார். அவ்வளவு நீள வயர் சூடாகிவிடும் என்பதால் குறைந்த ஆம்பியரில்தான் ஏற்றமுடியும். விடிந்தபோது அறுபத்தொன்று.

காலை ஐந்தரை மணிக்கு என் கதவைத் தட்டினார்.

"சார், எழுபது கிலோமீட்டர். கணக்குக்கு மூணு பர்சன்ட்தான் மிஞ்சுது. நடுவுல நின்னுட்டா எந்த ஊரு கரண்ட் ஆபீஸ்ல யாரைக் கேக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். கூட வர்றீங்களா?" பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெயிட் எவ்ளோ சார்?"

"அறுபத்தொன்பது."

"பரவால்ல. செருப்ப மட்டும் வுட்டுட்டு வாங்க."

வெறுங்காலோடு போனேன். ஏ.சி. கிடையாது. காற்று தடுக்கும் என்று கண்ணாடியையும் இறக்கவில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம். எங்களை ஷேர் ஆட்டோ முந்தியது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து முந்தியது. பின் இருக்கையில் கஸ்தூரி பட்டுப்புடவையோடு, மூக்கருகே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

வாலாஜாபாத்தில் நாற்பத்து நான்கு. கஸ்தூரி ஒரு கண்ணைத் திறந்தார்.

உத்திரமேரூரில் இருபத்து நான்கு. இரண்டு கண்ணையும் திறந்து, "இன்னாங்க, இங்க இவ்ளோ பெரிய ஏரி கீதா?" என்றார். பழம் மடியில் இருந்தது. எனக்கோ, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்ததில் வயிற்றைப் புரட்டியது. முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களின் மீட்டரைப் பார்த்தபோது எனக்கு இப்படி ஆனதில்லை.

"அண்ணா, மூஞ்சியே சரியில்ல," என்று சொல்லி கஸ்தூரி எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார். வாங்கி முகர்ந்தேன்.

ஏழு பர்சன்ட்டில், திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. இனி வண்டி ஓடாது, நடக்கும் என்று அதற்குப் பொருள். பர்சன்ட் ஸ்டீயரிங்கைத் தடவி, "வா கண்ணு, வா கண்ணு," என்றார். மூச்சுக்கூட எடை என்று நாங்கள் மூவரும் நம்பினோம்.

மண்டப வாசலில் மூன்று பர்சன்ட். உள்ளே மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாகிவிட்டது. நாத்தனார் இடத்தில் யாரோ ஒரு பெரியம்மா மகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். "அடியே, தள்ளுடி!" என்று வாசலிலிருந்தே ஒரு குரல் கேட்டது. பதினெட்டு வருடமாக அந்த ஊர் கேட்காத குரல். கெட்டிமேளம் முழங்கியபோது, மூன்றாம் முடிச்சில் கஸ்தூரியின் விரல்கள் இருந்தன. மாப்பிள்ளை முகூர்த்தத்தை மறந்து அக்காவைத் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

பர்சன்ட்டைக் காணோம். சமையல் கட்டில் இருந்தார். கிரைண்டர் பிளக்கைக் காருக்குக் கேட்டு, தலைமைச் சமையல்காரரிடம் ஷிப்ட் பேசிக்கொண்டிருந்தார்.

"சட்னி ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு, வண்டி செகண்ட் ஷிப்ட்டு. ஓ.கே.வா மாஸ்டர்?"

"யாருய்யா இந்தாளு?" என்று மாஸ்டர் என்னைக் கேட்டார்.

எங்கள் ஆள் என்றேன்.

பந்தியில் உட்காரும் முன், மண்டப அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கித் தடையில்லாச் சான்றை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவசரத் தேவைக்குச் செயலாளரே அனுமதித்து, பிறகு பொதுக்குழுவில் ஒப்புதல் பெறலாம் என்று சங்க விதிகளில் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவு எனக்கு முதல் மனுவின்போதே தெரியும்.

அவருடைய ஒன்பதாம் எண் பார்க்கிங்கில் தனி மீட்டர் வந்தது. வயர் பால்கனியை விட்டு இறங்கியது. கஸ்தூரியின் கிரைண்டருக்கு விடுதலை கிடைத்தது. அதன்பின் மாதம் இரண்டு முறை அவர்கள் வந்தவாசிக்குப் போனார்கள். நான் போர்டில் எது ஒட்டினாலும் பர்சன்ட் முதல் ஆளாக வந்து படித்தார்.

போன வருடம் அவருடைய கம்பெனி அந்தப் பிரிவை ஓசூருக்கு மாற்றியது. குடும்பத்தோடு போய்விட்டார். வீட்டில் இப்போது இருப்பவர்களிடம் இருப்பது புல்லட். பயன்படாத மின் இணைப்பைத் துண்டிக்க விண்ணப்பம் கொடுக்கவேண்டும் என்பது நடைமுறை. படிவத்தை வாங்கி, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை. ஓசூரிலிருந்து அந்த மனிதர் என்றைக்காவது வருவார். வந்தால், ஆமைப் படத்தோடுதான் வந்து நிற்பார்.